மாலையில் ஏறும் காய்ச்சல்

எனக்குத் தெரிந்திருந்த ஒன்றை ஒரு மனிதரிடம் சொல்லாமல் விட்டேன். அதனால் அவருக்கு நோய் வந்தது. அது என்ன நோயாக இருக்கும் என்று ஊகித்த பிறகும், அவரைச் சோம்பேறி என்று சொல்லி வேலையை விட்டு அனுப்பினேன். பின்னர் அதே நோய் எனக்கும் வந்தது. இந்தக் கட்டுரை அந்த நோயைப் பற்றியது. ஆனால் இதை என் காய்ச்சலிலிருந்து தொடங்கினால் பொய்யாகிவிடும்.

அவர் பெயர் சவரி. அந்நாளில் நான் அவரை வாடா போடா என்றுதான் கூப்பிட்டேன். இங்கே ‘அவர்’ என்று எழுதுவது பிற்பாடு வந்த மரியாதை.

உத்திரமேரூரிலிருந்து திருப்புலிவனம் போகும் பக்கத்தில், ஏரிக்கரையை ஒட்டி எங்கள் பசுமடம் இருந்தது. என் தாய்மாமன் விட்டுப்போன நிலம். நான் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர். பள்ளி நேரம் போக மீதி நேரமெல்லாம் அங்கேதான் இருப்பேன். உழைத்து ஓய்ந்த மாட்டை அடிமாட்டுச் சந்தைக்கு ஓட்ட மனம் வராதவர்கள் எங்களிடம் கொண்டுவந்து விடுவார்கள். கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடப்பார்கள். சிலர் வாசலைத் தாண்டியபின் அழுவது கேட்கும்.

பெயர்தான் பசுமடம். உள்ளே எருமையும் இருந்தது, நொண்டி ஆடுகளும் இருந்தன, துணி வெளுக்கிற குடும்பம் ஒன்று விட்டுப்போன கால் ஊனமான கழுதையும் இருந்தது. அந்தக் கழுதைக்குச் சவரி ‘கலெக்டர்’ என்று பெயர் வைத்திருந்தார். தீவனம் வைத்து எல்லாம் தின்று முடிக்கிற நேரத்தில்தான் அது மெதுவாக வரும். வந்தால் எல்லா மாடும் ஒதுங்கி வழி விடும். “கலெக்டர் வராரு, எழுந்து நில்லுங்கோ” என்பார் சவரி.

செவலை என்று ஒரு கிழட்டு எருது இருந்தது. ஆயுள் முழுக்க ஏரில் இடப்பக்கம் பூட்டப்பட்ட மாடு. அதன் ஜோடி செத்துப்போனதால் எங்களிடம் வந்தது. தனியாக நடக்கும்போதும் தடத்தின் இடது ஓரத்திலேயே நடக்கும். வலப்பக்கம் ஒரு மாடு நடக்கிற அளவுக்கு இடம் விட்டிருக்கும். தண்ணீர்த் தொட்டியிலும் அப்படித்தான். ஒருநாள் கலெக்டர் அந்தக் காலி இடத்தில் போய் நின்றது. செவலை திரும்பி முகர்ந்து பார்த்துவிட்டுத் தண்ணீர் குடிக்கத் தொடங்கியது. அன்றிலிருந்து மேய்ச்சலுக்குப் போனாலும் வந்தாலும் எருதும் கழுதையும் ஜோடிதான். வழியில் பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். அவை இரண்டும் சட்டை செய்ததில்லை.

சவரிக்குப் பெருநகர் பக்கத்துக் காலனி. காலையில் உத்திரமேரூர் பஸ்ஸில் வந்து, ஏரிக்கரை வழியாக நடந்து வருவார். சாணி அள்ளுவது, கழுநீர் வைப்பது, புண்ணுக்கு மருந்து போடுவது, மாடு கன்று போட்டால் பக்கத்தில் இருப்பது எல்லாம் அவர்தான்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. மாடு கன்று போட்டதும் விழுகிற இளங்கொடியை (கருப்பையில் கன்றைச் சுற்றியிருக்கும் சவ்வும் கொடியும்) வைக்கோலில் சுருட்டி, கோணியில் கட்டி, பால் வடியும் மரத்தில் தொங்கவிடுவார்கள். நாயும் நரியும் தொடாத உயரத்தில் இருந்தால் மாட்டுக்குப் பால் வற்றாது என்று நம்பிக்கை. ஏரிக்கரை ஆலமரத்தில் ஊரே கட்டும். அதில் எல்லாவற்றுக்கும் மேலே தொங்குவது சவரி கட்டியதாக இருக்கும். அதில் அவருக்குக் கர்வம். “கீழ கட்றவன் வூட்ல டீக்குக் கூட பாலு தேறாது சார்” என்பார்.

வெள்ளச்சி என்ற பசு நிறைமாதம் ஆகுமுன்பே கன்று வீசியது. அடுத்து இன்னொன்றும் வீசியது. கால்நடை மருத்துவர் வந்து ரத்தம் எடுத்துப் போனார். கொஞ்ச நாள் கழித்துப் பள்ளிக்கூடத்துக்கே வந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

“சார், இது கன்னு வீச்சு நோய். மாட்டோட நிக்காது, மனுஷனுக்கும் வரும். கைய மூடாம யாரும் தொடக் கூடாது. கொடிய மரத்துல கட்ட வேணாம், சுண்ணாம்பு போட்டுப் பொதச்சிடுங்க. பால நல்லா காய்ச்சணும். வேலையாளுக்கு எடுத்துச் சொல்லுங்க.”

சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை.

காரணத்தையும் எழுதிவிடுகிறேன். மடத்தில் நோய் என்று தெரிந்தால் யாரும் வேலைக்கு வரமாட்டார்கள், ஊரில் யாரும் மாட்டைக் கொண்டுவந்து விடமாட்டார்கள், அவை சந்தைக்குப் போய்விடும் என்று பயந்தேன். மாடுகளின் மேல் இருந்த இரக்கம்தான் என் வாயைக் கட்டியது என்று பல வருஷம் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. மீதி, மடத்தை நடத்துபவன் என்று ஊரில் எனக்கு இருந்த பெயர். நோயைக் குறித்து வகுப்பில் சுகாதாரப் பாடம் நடத்துகிறவன் நான்.

அடுத்த பசு கன்று வீசியபோது சவரி வழக்கம்போல முழங்கைவரை கையை விட்டு வேலை பார்த்தார். இளங்கொடியைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு ஆலமரத்தில் ஏறினார். நான் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். “போதும், எறங்கு” என்று மட்டும் சொன்னேன்.

மழைக்காலம் முடிவதற்குள் அவர் உடம்பு மாறிவிட்டது. காலையில் நன்றாக வருவார். மதியம்வரை வேலை செய்வார். பொழுது சாயச் சாயக் குளிரெடுக்கும். படுத்திருக்கும் செவலையின் விலாவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிடுவார். செவலை அசையாமல் அசைபோட்டுக்கொண்டிருக்கும். பிறகு வியர்த்துக் கொட்டும். மறுநாள் காலையில் மறுபடி நல்ல ஆள்.

“காலீல நல்லாதான் சார் கீறேன்” என்றார் ஒருநாள். “வெளக்கு வைக்கிற நேரம் வந்தா எலும்புக்குள்ள யாரோ பூந்துக்கினு நோண்றாப்புல கீது.”

கால்நடை மருத்துவர் சொன்னது எனக்கு உடனே ஞாபகம் வந்தது. நான் சொன்ன பதில் வேறு. கூடியிருந்தவர்கள் முன்னால், “ராத்திரி சாராயத்தை விட்டா சாய்ந்தரக் காய்ச்சலும் விட்டுடும்” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். சவரியும் கொஞ்சம் சிரித்தார். அந்தப் பேச்சு அவருக்கு முன்னால் பெருநகர் போய்ச் சேர்ந்தது.

கோடையில் அவரால் குனிய முடியவில்லை. வேலைக்கு ஆகமாட்டாய், வேறு இடம் பார்த்துக்கொள் என்றேன். போகும்போது கலெக்டரின் காதைப் பிடித்து ஏதோ சொல்லிவிட்டுப் போனார். அதற்குப்பின் கொஞ்ச காலம் அந்தக் கழுதை காலையில் செவலையை விட்டுவிட்டு வாசலில் போய் நின்றது. நான் விரட்டுவேன்.

அவர் போனபின், சினை என்று தெரியாமலே எங்களிடம் விடப்பட்ட ஒரு சின்னப் பசு கன்று வீசியது. கன்று பாதி வந்து நின்றுவிட்டது. பசு கழுத்தைத் தரையில் போட்டுவிட்டுக் கண்ணை மட்டும் உருட்டியது. மருத்துவர் ஊரில் இல்லை. நானே கையை விட்டு இழுத்தேன். புல் அறுத்தபோது பட்ட அரிவாள் வெட்டு விரலில் ஆறாமல் இருந்தது. பசு பிழைத்தது.

அன்றைக்கு விழுந்த இளங்கொடியை நான் மரத்தில் கட்டவில்லை. குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டுப் புதைத்தேன். கையைச் சோப்புப் போட்டுத் திரும்பத் திரும்பக் கழுவினேன். என் கை என்று வந்தபோது எல்லாம் நினைவிருந்தது.

சில வாரங்களில் எனக்குக் காய்ச்சல் தொடங்கியது. வகுப்பில் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது, கடைசி மணிக்குச் சற்று முன்னால், முதுகில் யாரோ ஈரத்துணியைப் போர்த்தியதுபோல் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் படுத்துவிட்டேன். என் மனைவி சரஸ்வதி நெற்றியில் கை வைத்து, “இன்னாங்க இது, நெருப்பாட்டம் கொதிக்குது” என்றாள். விடியும்போது காய்ச்சல் இல்லை. படுக்கை நனைந்திருந்தது. மறுநாள் அதே நேரத்தில் மறுபடி வந்தது.

உள்ளூரில் மலேரியாவுக்குப் பார்த்தார்கள். பிறகு டைபாய்டுக்குப் பார்த்தார்கள். மூட்டுகள் ஒவ்வொன்றாக வலித்தன. காய்ச்சலைவிட மோசமானது மனம் விட்டுப்போவது. காரணமில்லாமல் அழுகை வரும். காலையில் நன்றாக இருப்பதால் யாரும் நம்பவும் மாட்டார்கள். சக ஆசிரியர் ஒருவர், “மதியத்துக்கு மேல வகுப்பு இருந்தாதான் சாருக்குக் காய்ச்சல் வருது” என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கமானது.

காஞ்சிபுரத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் போனோம். சிறிய அறை, வெளியே நீள பெஞ்சு. வயிற்றை அழுத்தி, மண்ணீரல் (இடப்பக்க விலாவுக்கடியில் இருக்கும் உறுப்பு) வீங்கியிருக்கிறது என்றார். என் விரலில் இருந்த தழும்பைப் பார்த்தார்.

“மாடு வச்சிருக்கீங்களா?”

வைத்திருக்கிறோம் என்றேன்.

“கன்னு வீசின மாடு ஏதாவது?”

ஆமாம் என்றேன். ரத்தம் எடுத்து மெட்ராஸுக்கு அனுப்பினார். முடிவு வந்தபோது நோயின் பெயரைச் சொன்னார். புரூசெல்லோசிஸ் (மாட்டிடமிருந்து மனிதருக்குத் தொற்றி, ஏறி இறங்கி நீடிக்கும் காய்ச்சல்). குணமாகும், ஆனால் பொறுமை வேண்டும், தாமதித்தால் முதுகெலும்பையும் மூட்டையும் பிடித்துக்கொள்ளும் என்றார். பிறகு எழுதிக்கொண்டே கேட்டார்.

“உங்ககூட வேலை செய்யறவங்க யாருக்காவது இதே மாதிரி உண்டா?”

சரஸ்வதி என்னைப் பார்த்தாள். பேனா நின்றது.

“ஒருத்தர் இருந்தார்” என்றேன்.

“இருந்தார்னா?”

“நான் அனுப்பிட்டேன்.”

அவரை அழைத்துவரச் சொன்னார். சரி என்றேன். அப்போதும் நான் போகவில்லை. முதலில் நான் எழுந்து நடமாடட்டும் என்று தள்ளிப்போட்டேன். ஒவ்வொரு தடவையும் டாக்டர், “அவர் வந்தாரா?” என்று கேட்பார். வருவார் என்பேன்.

சிகிச்சை இரண்டு மருந்து. ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி (காசநோய்க்கும் போடுவது) சில வாரம். டெட்ராசைக்ளின் மாத்திரை (கிருமியின் வளர்ச்சியைத் தடுப்பது) ஆறு வாரம். மற்றவர்களுக்குக் குணமாகத் தொடங்கும் காலத்தில் எனக்குக் காய்ச்சல் குறையவே இல்லை. இடுப்பில் ஊசி போட இடமில்லாமல் போனது. டாக்டரம்மாவே குழம்பினார். கடைசியில், மாத்திரையை எதில் போட்டுக்கொள்கிறீர்கள் என்று கேட்டார்.

“பாலுலதாங்க தர்றேன்” என்றாள் சரஸ்வதி. “மாத்திர சூடாச்சே. நல்லா காய்ச்சிதான் தர்றேன்.”

டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். பால் அந்த மாத்திரையை உடம்பில் சேரவிடாமல் பிடித்துவைத்துவிடுமாம். எங்கள் பக்கத்தில் எந்த மாத்திரையானாலும் பாலில் கொடுப்பதுதான் வழக்கம். இதைப் படிக்கிறவர்கள் யாருக்காவது இந்த மாத்திரை எழுதித் தந்தால், தண்ணீரில் போட்டுக்கொள்ளுங்கள். பாலும் தயிரும் சில மணி நேரம் தள்ளியிருக்கட்டும். காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

பாலை விட்டதும் மருந்து பிடித்தது. முதன்முதலில் காய்ச்சல் வராத மாலையில், விளக்கு வைத்தபிறகும் நான் கழுத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். சரஸ்வதி மகிழ்ச்சியாகத்தான் இருந்தாள். ஆனால் படுக்கையை உதறிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

“அந்தச் சவரிக்கு இன்னும் சாய்ந்தரம் ஆனா வருமில்ல?”

மறுநாள் பெருநகர் பஸ் ஏறினேன்.

அந்தக் காலனிக்குள் நான் அதற்குமுன் போனதில்லை. சவரி வாசலில் ஒரு கட்டையைப் பிடித்தபடி நின்றிருந்தார். உட்காரவும் முடியாமல் நிமிரவும் முடியாமல் இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. “நல்லா இருக்கீங்களா?” என்றேன்.

“இன்னா சார், காய்ச்சல் மூளைக்கு ஏறிப்போச்சா? வாங்க போங்கன்றீங்கோ” என்று சிரித்தார். நான் காய்ச்சலில் கிடந்த சேதி அவருக்கு எட்டியிருந்தது. பிறகு, “செவலை கீதா?” என்று கேட்டார். இருக்கிறது என்றேன். “கலெக்டரு?” அதுவும் என்றேன்.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மருத்துவர் எச்சரித்தது, நான் மறைத்தது, மரத்தடியில் நின்று பார்த்தது, சாராயம் என்று சொன்னது, எனக்கும் அதே நோய் வந்து மருந்தில் விட்டது. அவர் மனைவி பிலோமினா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறம் நின்றது.

பிலோமினாதான் பேசினாள்.

“ஒரு வருஷமா இந்த மனுசன நான் பேசாத பேச்சு இல்ல சார். கூலி வேலைக்கு நாயாட்டம் நானு போய்ட்டு வந்து, படுத்துக்கினு கீற ஆள எட்டி ஒதைக்காத கொறையா பேசிக்கீறேன். எங்க அண்ணன் இவருக்குச் சோறு போடாதன்னான். இப்ப நீங்கோ வந்து மருந்து கீதுன்றீங்கோ. நான் பேசனத எங்க போய் திரும்ப வாங்கறது?”



சிகிச்சை முழுவதும் என் பொறுப்பு, மடத்து வேலையும் உங்களுடையது என்றேன். சவரி அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

“மருந்து அப்பால பாத்துக்கலாம் சார்” என்றார். “ஞாயித்துக்கெயம பூசை முடிஞ்சி எல்லாம் வெளிய வருவாங்கோ. எம் மச்சானும் வருவான். எங்கிட்ட சொன்னத அங்க சொல்லுங்கோ.”

ஞாயிற்றுக்கிழமை போனேன். சிறிய மாதா கோயில், வெளியே வேப்பமரத்தடியில் ஜனம். சவரி சோம்பேறி இல்லை, குடியால் வந்ததும் இல்லை, அது நோய், எனக்குத் தெரியும், தெரிந்தும் மறைத்தேன் என்றேன். சவரியின் மச்சான், பெரிய மீசைக்காரர், முன்னால் வந்தார். அடிப்பார் என்றே நினைத்தேன்.

“நீங்கோ படுத்ததுக்கு அப்பாலதான் இது நோவுன்னு தெரிஞ்சிதா சார்?” என்றார்.

“முன்னாடியே தெரியும்” என்றேன். “படுத்தப்புறம்தான் சொல்ல வந்தேன்.”

அவர் திரும்பிப் போய் சவரியின் பக்கத்தில் நின்றார். தோளைத் தொடவில்லை. சும்மா பக்கத்தில் நின்றார். சவரி முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

சவரிக்கு ஊசியும் மாத்திரையும் ஒருமுறை முடிந்து, மறுபடி காய்ச்சல் திரும்பி, இரண்டாம் முறையும் கொடுக்க வேண்டியிருந்தது. காய்ச்சல் விட்டது. முதுகெலும்பும் இடுப்பும் சேரும் இடம் இறுகியது இறுகியதுதான். அது இனி வளையாது என்று டாக்டரம்மா சொன்னபோது, “மரம் ஏறலாமா?” என்று கேட்டார் சவரி. அவர் இல்லை என்றதும் என் பக்கம் பார்த்தார். அந்த நேரத்தில் நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திருப்புலிவனத்திலும் உத்திரமேரூரிலும் சொல்லவேண்டியவர்களிடம் சொன்னேன். கோயில் அபிஷேகத்துக்குப் போய்க்கொண்டிருந்த எங்கள் பச்சைப்பால் நின்றது. நான் பயந்ததும் நடந்தது. மாடு விட வருகிறவர்கள் குறைந்தார்கள். சில மாடுகள் சந்தைக்குப் போயின. ஒருவர் என் எதிரிலேயே கயிற்றைத் திருப்பிப் பிடித்து ஓட்டிக்கொண்டு போனார். அந்தப் பசு போகும்போது நின்று நின்று பார்த்தது. அதையும் நான்தான் சுமக்கவேண்டும். நோய் கண்ட மாடுகளுக்குத் தனிக் கொட்டகை போட்டோம். ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு அந்தக் கொட்டகை வேலையை நானே பார்த்தேன். பள்ளியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் பார்த்தேன். ஏரிக்கரை ஆலமரத்தில் இன்றும் சிலர் கட்டுகிறார்கள். பார்த்தால் போய்ச் சொல்கிறேன். கிழவனுக்கு வேறு வேலை இல்லை என்கிறார்கள்.

சவரி உடனே வரவில்லை. அடுத்த தையில், மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள், பிலோமினாவோடு வந்தார். வேலைக்கு என்று சொல்லவில்லை. செவலையைப் பார்க்க என்றார். கலெக்டர் அவர் குரலைக் கேட்டுத் தீவனத்தை விட்டு வந்தது. அதற்குமுன்னும் பின்னும் அது அப்படி வந்ததில்லை. சவரியால் குனிந்து அதன் காதைப் பிடிக்க முடியவில்லை. அது தலையைத் தூக்கி அவர் வயிற்றில் வைத்துக்கொண்டது. அன்றிலிருந்து அவர் மடத்தில்தான் இருக்கிறார். குனியாத வேலையெல்லாம் அவருடையது, குனிகிற வேலை என்னுடையது. பிலோமினா இன்றுவரை என் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை.

செவலை அதற்குப்பின் சில வருஷம் இருந்து இறந்தது. கலெக்டர் இப்போதும் மேய்ச்சலுக்குப் போகிறது. தடத்தின் வலது ஓரத்திலேயே நடக்கிறது. இடப்பக்கம் ஒரு எருது நடக்கிற அளவு இடம் விட்டிருக்கிறது.

எனக்கு எழுபது தாண்டிவிட்டது. காய்ச்சல் போய்ப் பல வருஷம் ஆயிற்று. ஆனாலும் காலையில் உடம்பு நன்றாக இருப்பதை நான் நம்புவதில்லை. காலை எனக்கு எதையும் நிரூபிப்பதில்லை. பொழுது சாய்ந்து, மாடுகள் உள்ளே வந்து, ஏரிப்பக்கம் வெளிச்சம் மங்கும்போது என் கை தானாகக் கழுத்துக்குப் போகிறது. கொட்டகையின் அந்தக் கோடியில், அதே நேரத்தில், சவரியின் கையும் கழுத்துக்குப் போவதைப் பார்க்கிறேன்.

என்னை மன்னித்துவிட்டதாக அவர் ஒருநாளும் சொன்னதில்லை. நான் கேட்டதும் இல்லை. மாலையில் ஒரு கேள்வி மட்டும் கேட்பார்.

“இன்னா சார், இன்னிக்கி கீதா?”

“இல்ல. உங்களுக்கு?”

அவர் கழுத்திலிருந்து கையை எடுக்காமல் இன்னும் கொஞ்ச நேரம் பார்ப்பார். நான் காத்திருப்பேன்.

“இல்ல சார்” என்பார்.

அதன்பிறகுதான் விளக்கு வைக்கிறோம்.